தர்மபுரி 4 ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ், நம்பி குடுக்கலாம்

லேப்டாப் அடிக்கடி நீல ஸ்கிரீன் காட்டி தானா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருந்துச்சு, வேற ஒரு கடைல தொறந்துகூட பாக்காம போர்டு போச்சு புதுசு வாங்கிக்கங்கன்னுட்டாங்க. 4 ரோடு பக்கம் மாடில இருக்கற இந்த சின்ன கடை தம்பி முதல்ல என்ன எரர் வருதுன்னு கேட்டாரு, மெமரி மேனேஜ்மென்ட்னு வந்தத போட்டோ எடுத்து வச்சிருந்தேன், காமிச்சேன், உடனே பென்டிரைவ்ல மெமரிய, அதாவது ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட் சாஃப்ட்வேர் போட்டு ஓட விட்டாரு, கொஞ்ச நேரத்துல சிவப்பு சிவப்பா எரரு வரிசையா வருது. அப்புறம் ரெண்டு ரேமையும் ஒவ்வொன்னா மாத்தி மாத்தி மாட்டி, ரேம் மாட்டற ஸ்லாட்டு நல்லாருக்கு, இந்த ஒரு ரேம் தான் போச்சுன்னு கண்ணு முன்னாடியே காட்டினாரு. விண்டோஸ் அழிச்சு போடணும்ங்கற பேச்சே இல்ல, டேட்டா அப்படியே இருக்கு. புது ரேமுக்கு பில்லும் வாரன்டியும் கேக்காமயே குடுத்தாரு. குறைன்னா உக்கார ஒரே ஸ்டூலு, வண்டி நிறுத்த இடமே கெடையாது, சாயங்காலம் காலேஜ் பசங்க கூட்டம் வேற. காலைல கடை தொறந்ததும் போயிடுங்க.