ஆப்பிளுக்கு எத்திலீன் பொட்டலம்: வாங்கலாமா?

குளிர்சாதனப் பெட்டியில் போட்டுவைத்தால் ஆப்பிள் வாரக்கணக்கில் கெட்டியாகவே இருக்கும் என்ற விளம்பரத்துடன் இணையத்தில் விற்கப்படும் எத்திலீன் உறிஞ்சும் பொட்டலத்தை, சென்னையின் கோடை முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். பொட்டாசியம் பர்மாங்கனேட் ஏற்றிய குருணைதான் உள்ளே இருக்கிறது. பழம் வெளிவிடுவதும், பழத்தைக் கனியவைத்துத் தழையை மஞ்சளாக்குவதுமான எத்திலீன் வாயுவை அது ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கிறது; ஊதா நிறம் பழுப்பானால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஓரத்துக் குருணைகள் முதலில் பழுப்பேறின, நடுவில் இருந்தவை நெடுநாள் ஊதாவாகவே கிடந்தன. அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும் என்று உறையில் ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

கொத்தமல்லிக்கு இது நல்ல துணை. ஆப்பிளோடு ஒரே தட்டில் இருந்தும் தழை சீக்கிரம் மஞ்சளாகவில்லை.

ஆனால் ஆப்பிளின் கெட்டித்தன்மை வேறு கதை. எத்திலீன் பழத்தின் சதைக்குள்ளேயே உருவாகி அங்கேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், வெளியே வந்ததை மட்டும் பிடிக்கும் பொட்டலத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. மே மாதம் கோயம்பேட்டில் கிடைக்கும் காஷ்மீர் ஆப்பிள், முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பறிக்கப்பட்டு, காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதமாகக் குறைத்து, 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்கும் கிடங்குகளில் இருந்து வருவது. அங்கே பழத்தின் சுவாசமே அடங்கிக் கிடக்கிறது. வெளியே எடுத்ததும் அது மீண்டும் வேகமெடுக்கிறது. நிமிடத்துக்கொரு முறை கதவு திறக்கப்படும் நம் வீட்டுப் பெட்டியிடம் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பொட்டலத்தைவிட அதிகம் உதவியது, ஊசியால் சில துளைகள் இட்ட பாலித்தீன் பை. ஈரம் வெளியேறாததால் தோல் சுருங்கவில்லை. பெட்டியின் குளிர்ந்த அடுக்கில் வைத்தவை கடித்தால் நறுக்கென்றே இருந்தன. கதவுத் தட்டில் பொட்டலத்தோடு வைத்தவை மாவாகிவிட்டன. அடிபட்ட பழத்தை முதலிலேயே பிரித்துவிடுவதும் அவசியம், ஏனெனில் அதுதான் அதிக எத்திலீனை விடுகிறது.

கீரை, காய்களுக்காக வேண்டுமானால் வாங்கலாம். ஆப்பிளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். எத்தனை கிலோ பழத்துக்கு ஒரு பொட்டலம் என்பது உறையில் இல்லாததும் குறையே. உறை கிழிந்தால் குருணை கையில் பழுப்புக் கறை படியவைக்கும்; விழுங்கினால் நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத மேல்தட்டில்தான் வைக்க வேண்டும்.