டூனா ராப்பா, தால் பூரியா? எபென் மதியச் சாப்பாட்டுக் கணக்கு

மொரீஷியசின் அலுவலக நகரமான எபெனில் வேலை பார்க்கிறவர்களுக்கு மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டே வரிசைதான். ஒன்று, கீழ்த்தளத்து கஃபேயில் குளிர்பெட்டிக்குள் அடுக்கி வைத்த ராப் (மெல்லிய மைதா ரொட்டிக்குள் சுற்றிய உணவு) வாங்க. மற்றது, ரோட்டோரம் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி நிற்கிறவரிடம் தால் பூரி (பருப்புப் பூரணம் வைத்துக் கல்லில் சுடுவது) வாங்க. தூத்துக்குடியிலிருந்து மொரீஷியசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் இரண்டாவது வரிசை. புதிதில் பூரிக்காரர் "என் பேர்?" என்று கேட்டபோது, பேரைச் சொல்லாமல் நிறுத்திவிட்டாரே என்று விழித்திருக்கிறேன். இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் அதற்கு 'ஒரு ஜோடியா?' என்று அர்த்தம். தால் பூரியை இங்கே ஒற்றையாக யாரும் தின்பதில்லை.

போன மாதம் என் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டைத் தொட்டது. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பதால் அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் எல்லோரும் ஒத்துப்போன ஒன்று: "பூரியை விட்டுட்டு டூனா சாலட் ராப்புக்கு மாறிடு."

மாறுவதற்கு முன் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு ராப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரித்து, உள்ளே இருந்ததைக் கரண்டியால் வழித்து எடுத்தேன். மேல் சுற்று மட்டும் 72 கிராம், உள்ளடக்கம் 118. அந்த 118ஐ வடிகட்டியில் போட்டு வெந்நீரில் அலசினேன். வெள்ளையாக ஓடியது போக மிஞ்சியது 58 கிராம் மீன், 20 கிராம் வெங்காயமும் சோளமும், அகலத்தில் தபால் தலையைத் தாண்டாத லெட்யூஸ் துணுக்கு ஒன்று. வந்து எட்டிப் பார்த்த அத்தை, "கோத் சலாட் லா?" என்றார். சாலட் எங்கே என்று கேட்கிறார்.

ஓடிப்போன 40 கிராம்தான் விஷயம். அது மயோனைஸ். 100 கிராம் மயோனைஸில் 680 முதல் 700 கலோரி இருக்கும். நாற்பதுக்கு எப்படியும் 275, கொழுப்பு 30 கிராம். தண்ணீரில் அடைத்த டூனாவோ 100 கிராமுக்கே 90 முதல் 115 கலோரிதான். ஆக என் ராப்பில் மீன் கொடுத்தது 60 கலோரி, மயோனைஸ் கொடுத்தது அதைப்போல் நாலரை மடங்கு. மைதா சுற்று 220. எல்லாம் சேர்ந்து 570 சொச்சம். புரதம் 20 கிராம், மாவுச்சத்து 40, நார்ச்சத்து 2 அல்லது 3. அலசியதில் மீனில் தண்ணீர் ஊறியிருக்கும், அதையும் கழித்தால் புரதம் இன்னும் கொஞ்சம் இறங்கும். எண்ணெயில் அடைத்த டூனாவாக இருந்தால் கலோரி ஏறும், 100 கிராமுக்கு 200க்குப் பக்கம்.

உப்பை யாரும் பேசுவதில்லை. சுற்றில், டப்பா மீனில், மயோனைஸில் என்று மூன்று இடத்திலும் உப்பு. கூட்டினால் சோடியம் 900 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000க்குள் நிற்கச் சொல்கிறது.

அடுத்து பூரி. தெருவில் வாங்கியதை அலச முடியாது, அதனால் அத்தையின் அளவை எடுத்துக்கொண்டேன். அரைக் கிலோ மைதா, கால் கிலோ மஞ்சள் பட்டாணிப் பருப்பு, நாலு மேசைக்கரண்டி எண்ணெய், பதினெட்டு பூரி. பருப்பை மஞ்சள் போட்டு வேகவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகிற பதத்தில் இறக்கி, ஈரம் போக வடித்து அரைத்து மைதாவுக்குள் பூரணமாக வைப்பார். ஒரு ஜோடிக்கு 350 கலோரி விழுகிறது. அதோடு ஒரு கரண்டி க்ரோ புவா கறி (நம்மூர் மொச்சைக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும்), ரூகாய் என்ற தக்காளித் தொக்கு, கொத்தமல்லிச் சட்னி. மொத்தம் 450 கலோரி, புரதம் 15 அல்லது 16, கொழுப்பு 11, நார்ச்சத்தும் 11ஐத் தொடுகிறது.

நார்ச்சத்தில் ராப் பக்கத்திலேயே வர முடியாது. புரதத்திலும் நான் நினைத்திருந்த தூரம் இல்லை, நாலைந்து கிராம்தான் வித்தியாசம். தரத்தில் மீன் ஒருபடி மேல் என்பது உண்மை; ஆனால் கோதுமையில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருப்பதால், இரண்டும் சேர்கிற பூரியையும் லேசாகச் சொல்லிவிட முடியாது.

பூரி தோற்கிற இடம் மாவுச்சத்து. ஒரு ஜோடியும் கறியும் சேர்ந்து 70 கிராம் வரும். நார்ச்சத்து அதன் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், இல்லாமல் செய்துவிடாது. என் வீட்டுக்காரர் மாதிரி இரண்டு ஜோடியை நின்றபடியே முடிக்கிறவர்களுக்கு 140. இன்னொன்று வைட்டமின் பி12. பூரியில் அது சுத்தமாகக் கிடையாது. ராப்பில் இருந்த அந்த 58 கிராம் மீனே ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுத்துவிடும், செலினியம் என்ற தாதுவும் அப்படித்தான்.

டூனாவை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தியப் பெருங்கடலில் பிடித்த மீன் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கி, இங்கேயே டப்பாவாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. டப்பாவில் ஸ்கிப்ஜாக் என்று போட்டிருந்தால் அது வேறொன்றுமில்லை, எங்கள் ஊர்ப்பக்கத்துச் சூரைதான். மாசிக்கருவாடு போடுவதும் அதில்தான். பெரிய டூனா வகைகளைவிட இதில் பாதரசம் குறைவு. கர்ப்பிணிகளும் வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடலாம் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. வெள்ளை டூனா எனப்படும் ஆல்பகோர் என்றால் வாரம் ஒரு வேளை. ஒமேகா-3க்காக டூனா வாங்குகிறவர்கள் மட்டும் ஏமாறுகிறார்கள். அதற்குத் தக்காளிச் சாற்றில் அடைத்த பில்ச்சார்ட் (மத்தி வகை மீன்) டப்பா பல மடங்கு மேல், முள்ளோடு தின்பதால் கால்சியமும் கிடைக்கும், விலையும் குறைவு.

அதனால் கடை ராப்புக்கு நான் மாறவில்லை. வீட்டில் சுற்றுகிறேன். ஆட்டா மாவில், எண்ணெய் தொட்டும் தொடாமலும் சுட்ட ஒரு ஃபராத்தா (இங்கத்துப் பராட்டா). தண்ணீர் வடித்த ஒரு டப்பா டூனா, வடித்த பின் 100 கிராம் இருக்கும். இரண்டு கரண்டி கெட்டித் தயிர், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை. ஒரு கைப்பிடி பொடியாகச் சீவிய முட்டைக்கோஸும் கேரட்டும். 360 கலோரிக்குள் அடங்குகிறது, புரதம் 28ஐத் தாண்டுகிறது. டப்பா மீனை ஒருமுறை தண்ணீரில் அலசினால் உப்பிலும் ஒரு பகுதி போகும். ஒரு குறை: தயிர் நீர் விடும், பதினோரு மணிக்கே ஃபராத்தா ஊறி நைந்துபோகும். உள்ளடக்கத்தைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே சுற்றிக்கொள்வது உத்தமம்.

தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை, மீன் வீட்டுக்குள் வராது. மற்ற நாட்களில் திங்கள் முதல் வியாழன் வரை டூனா ஃபராத்தா. வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிள்காரர் "என் பேர்?" என்று கேட்கும்போது மிளகாய் கூடப் போடச் சொல்லி, ஒரே ஜோடியோடு வரிசையை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.