வின்ஆம்ப்: மொத்த நேரம் சொல்லும், முடிகிற மணி சொல்லாது

காரைக்குடிப் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர்கள் புது லேப்டாப் வாங்கினால் முதலில் கேட்பது, "எந்தப் பிளேயர் போடலாம்?" என்றுதான். 1997இல் வந்த வின்ஆம்ப் என்ற பாட்டு ஓட்டும் மென்பொருள் இன்றும் இந்தத் தொழிலில் சில லேப்டாப்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்கின், ஈக்வலைசர் எல்லாம் தெரிந்த விஷயம், விட்டுவிடலாம். பிளேலிஸ்டின் அடியில் தெரிகிற நேரத்தைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

கல்யாண வீட்டில் மொத்தம் எத்தனை மணி நேரப் பாட்டு இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. "தம்பி, இது எப்ப முடியும்? மேளத்தை உட்காரச் சொல்லிறவா?" என்றுதான் பெரியவர் வந்து நிற்பார். திருப்பூட்டுக்கு (தாலி கட்டுக்கு) மேளம் தொடங்குமுன் பாட்டு தானாக முடிந்திருக்க வேண்டும். பாதியில் வெட்டினால் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) இருக்கிற அத்தனை தலையும் நம் பக்கம் திரும்பும். கோயில் திருவிழா என்றால் இரவு 10 மணிக் கெடு வேறு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, தனி விலக்கு இல்லாவிட்டால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆக, வேண்டியது கடிகார மணி. பிளேயர் காட்டுவதோ மொத்தக் கூட்டுத்தொகை.

வின்ஆம்ப்பை அநியாயமாகத் திட்டவும் முடியாது. பிளேலிஸ்ட் எடிட்டரின் அடியில் இரண்டு எண் வரும்: இடப்பக்கம் நாம் தேர்ந்தெடுத்த பாட்டுகளின் நேரம், வலப்பக்கம் மொத்தம். சில கோப்புகளின் நீளத்தை இன்னும் படிக்கவில்லை என்றால் மொத்தத்தின் பின்னால் ஒரு + குறி நிற்கும். "இதுவரை தெரிந்தது இவ்வளவு, இன்னும் இருக்கிறது" என்று அர்த்தம். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விஎல்சி 3 என்ற இன்னொரு பிளேயரில் பிளேலிஸ்ட் தலைப்பிலேயே மொத்த நேரம் வருகிறது, ஆனால் படிக்காத கோப்பு விடுபட்டிருந்தால் அதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. வின்ஆம்ப்பில் அந்த + குறியைப் போக்க, கன்ட்ரோல்+பி அழுத்தி டைட்டில்ஸ் பகுதியில், கோப்பு உள்ளே வந்ததுமே மெட்டாடேட்டாவை (பாட்டின் பெயர், நீளம் போன்ற தகவலை) படிக்கும்படி மாற்றிவிடுங்கள். பென் டிரைவில் இருந்து நூற்றுக்கணக்கில் இழுத்துப் போட்டால் கொஞ்ச நேரம் திணறும். பந்தலில் ஒயர் இழுக்கிற நேரத்திலேயே லிஸ்டைப் போட்டுவிட்டால் அது பெரிய பாடில்லை.

முடிகிற மணியைக் கண்டுபிடிக்க ஒரு சுற்றுவழி உண்டு. ஓடுகிற பாட்டுக்கு அடுத்த பாட்டைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டைக் கிளிக் செய்யுங்கள். இடப்பக்க எண்தான் இனி வரப்போகிற பாட்டுகளின் நேரம். பிறகு மெயின் விண்டோவில் ஓடுகிற நேரத்தின் மேல் ஒரு கிளிக், அது மீதி நேரமாக மாறும். இரண்டையும் கூட்டி இப்போதைய மணியோடு சேர்க்க வேண்டும். மணி 8:12, ஓடுகிற பாட்டில் மீதி 2:40, பின்னால் 14 பாட்டு 58:20 என்றால் கூட்டுத்தொகை 61 நிமிடம், முடிவது 9:13. மேளம் 9 மணிக்கு என்றால் கடைசியில் இருந்து 13 நிமிடப் பாட்டைத் தூக்க வேண்டும். கிராஸ்ஃபேடு (ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தது தொடங்குவது) 5 நொடி வைத்திருந்தால் 14 மாற்றத்துக்கு 70 நொடி குறையும், அதையும் கழிக்க வேண்டும். இடையில் பெரியவர் சொன்னார் என்று ஒரு பாட்டைச் சேர்த்தால் மறுபடி முதலில் இருந்து. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவது என்ன நியாயம்?

கூட்டுத்தொகையே பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு, அதற்குக் காரணம் கோப்பு. விபிஆர் எம்பி3இல், அதாவது பிட்ரேட் (ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) இடத்துக்கு இடம் மாறுகிற கோப்பில், தலைப்புத் தகவல் (ஹெடர்) இல்லாவிட்டால், முதல் ஃப்ரேமின் (முதல் துணுக்கின்) பிட்ரேட்டை வைத்து நீளத்தை ஊகிக்கிற பிளேயர்கள் உண்டு. 4.8 எம்பி பாட்டு, சராசரி 128 கேபிபிஎஸ் என்றால் சரியாக 5 நிமிடம். பாட்டு அமைதியில் தொடங்கி முதல் ஃப்ரேம் 32 கேபிபிஎஸ் ஆக இருந்தால் அதே கோப்பு 20 நிமிடம் என்று நிற்கும். ஒரே பாட்டில் 15 நிமிடப் புளுகு. அம்மன் பாட்டுத் தொகுப்புகளைக் கை மாறிக் கை மாறி வாங்கி வைத்திருப்பவர்கள், ஃபூபார்2000 என்ற பிளேயரில் லிஸ்டை நீளவாரியாக அடுக்கி, மேலே வந்து நிற்கும் சந்தேகப் பேர்வழிகளைப் பிடிக்கலாம். அதிலேயே அந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து யுடிலிடிஸ் போனால் விபிஆர் ஹெடரைச் சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. பாட்டின் ஒலியில் கை வைக்காது.

சேமித்து வைத்த எம்3யூ லிஸ்டிலும் (பிளேலிஸ்டைச் சேமிக்கும் கோப்பு வகை) ஒரு குழி. ஒவ்வொரு பாட்டின் மேலும் நொடிக்கணக்கு எழுதியிருக்கும், தெரியாததற்கு -1. அதே பெயரில் வேறு நீளக் கோப்பை மாற்றி வைத்தால், மறுபடி படிக்கும்வரை பழைய எண்ணே கூட்டலில் நிற்கும். நொடியின் மீதிப் பின்னம் விடுபடுவதால், 60 பாட்டுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஃபூபாரில் டைட்டில் ஃபார்மேட்டிங் (திரையில் என்ன காட்ட வேண்டும் என்று எழுதும் குறிமொழி) எழுதிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடுகிற பாட்டின் மீதி நேரம் அதில் கிடைக்கும், ஆனால் அது ஒரு பாட்டை மட்டும் பார்க்கிற மொழி. லிஸ்ட் முழுவதையும் கூட்டாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆல்ட்+என்டர் அழுத்தினால் மொத்த நேரம் தெரியும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மொத்தத்துக்குப் பக்கத்தில் மீதி நேரம், அதற்குப் பக்கத்தில் முடிகிற மணி. பாஸ் போட்டு நிறுத்தி வைத்தால் மீதி அப்படியே நிற்க வேண்டும், முடிகிற மணி மட்டும் கடிகாரத்தோடு நகர வேண்டும். ஷஃபிள் என்றாலும் ஓடி முடிந்தவற்றைக் கழித்துக் கணக்குச் சொல்லலாம். ரிபீட் போட்டிருந்தால் முடிவே கிடையாது, அப்போது எண்ணைக் காட்டாமல் இடத்தைக் காலியாக விடுவதே மரியாதை. க்யூவில் (அடுத்து இதுதான் என்று குறித்து வைக்கும் வரிசையில்) போட்ட பாட்டு லிஸ்ட் வரிசை தாண்டி முன்னால் வரும், மேலே சொன்ன ஷிஃப்ட் கிளிக் வித்தை அங்கேதான் கவிழும். பிளேயர் தானே கணக்குப் போட்டால் அதுவும் தீரும். படிக்காத கோப்பு இருந்தால் முடிகிற மணிக்கும் ஒரு + குறி.

இத்தனை புகழ்ந்த பிறகும், கல்யாண வேலைக்கு மட்டும் புதிதாக வாங்கும் லேப்டாப்பில் வின்ஆம்ப் போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. விஎல்சி போடுங்கள், அதிலும் இதே குறை உண்டு, ஆனால் வீடியோவும் ஓடும். ஏற்கெனவே வின்ஆம்ப் இருக்கிற லேப்டாப்பில் இருந்து அதை எடுக்கச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.