பெரியம்மாவின் ஒப்பரேஷனும் ஒரு தமிழ்த் துண்டும்

டொரொன்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன். நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனால் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். காயம் சீழ் பிடித்துவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

வார்ட்டில் வேலை சுத்தமாக நடந்தது. காலையில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தபடியே இருந்தார்கள். முடியைப் பிளேட்டால் மழிக்கவில்லை. மழித்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமி அதில் குடியேறும். தேவையென்றால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. அன்டிபயோட்டிக் ஊசியும் கத்தி வைப்பதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. "வீட்டுக்கு அன்டிபயோட்டிக் தரவில்லையே" என்று தங்கச்சி கவலைப்பட்டாள். தொற்று இல்லாதபோது தொடர்ந்து விழுங்குவதால் காயத்துக்குப் பலனில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

மருந்து கட்ட வந்த மிஸியை, அதாவது தாதியை, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கையில் மருந்து ஊற்றி, விரலிடுக்கு, நகக்கண் வரை தேய்த்தார். அவ்வளவு நெருக்கடியிலும் ஒரு தடவைகூட விடவில்லை. அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

குறை வீட்டுக்கு அனுப்பும்போதுதான். டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பக்கத்துக் கட்டில் அக்காவும் அப்படித்தான். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. தமிழர் நிறைந்த வார்ட்டில் தமிழில் ஒரு துண்டு அச்சடித்துக் கொடுப்பது அவ்வளவு கஷ்டமா?

அந்தத் துண்டு தேவை, ஏனென்றால் மிச்சக் கதை லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்தான் நடக்கிறது. குளிப்பது பொதுப் பீலியில். பார்க்க வருகிறவர்கள் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசச் சொல்வார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் மகளுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை, அதனால் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று தள்ளிப்போகும். தொற்றோ ஒப்பரேஷன் முடிந்து 30 நாள் வரையிலும் வரலாம்.

தங்கச்சி மிஸியிடம் மறுபடி கேட்டுச் சொல்லச் சொல்ல, தமிழில் எழுதி இரண்டு பேருக்கும் கொடுத்தோம்: காயத்துக் கட்டை நனைக்காதீர்கள். கை கழுவாமல் தொடாதீர்கள். சொல்லாத எதையும் பூசாதீர்கள். சிவப்புப் பரவினால், சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால், வலி குறையாமல் கூடினால், கிளினிக் நாள்வரை பொறுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.