சென்னையினா, சென்னை சிட்டியா: டெல்டா கால்பந்து அணிகள் எதைப் பார்த்துப் பழகுவது?

சென்னையின் எஃப்.சி. 2014-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரோடு பிறந்த கிளப். 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்றது. சென்னை சிட்டி எஃப்.சி. கோவையில் ஆடி, இன்னொரு தேசியத் தொடரான ஐ லீக்கை 2018-19-இல் பிடித்தது: 43 புள்ளி, இரண்டாமிடம் ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி!

அக்பர் நவாஸ் பயிற்சியில் சிட்டி ஆடியது குறும்பாஸ் ஆட்டம்: பக்கத்தில் இருப்பவருக்குப் பந்தைத் தரையோடு தட்டித் தட்டி முன்னேறுவது. பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தஞ்சை, திருவாரூர் பக்கம் நம் அணிகள் ஆடும் சம்பா அறுத்த வயலில் அது எடுபடாது. அரிதாள் குத்தும், களிமண் காய்ந்து வெடித்திருந்தால் பந்து விரிசலில் பட்டுத் துள்ளும், மூன்றாவது பாஸ் எதிராளி காலுக்குத்தான். அப்படித்தான் ஆடுவோம் என்றால் தாளை அடியொட்ட அறுத்து, தண்ணீர் தெளித்து, மண் கையில் ஒட்டாத பதத்தில் உருளை ஓட்டுங்கள். சொதசொதவென்று இருக்கும்போது ஓட்டினால் மண் உருளையில் அப்பிக்கொண்டு குழி விழும்.

சென்னையின் எஃப்.சி. ஆடிய 2018 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில், எதிரணியின் சுனில் சேத்ரி முதல் கோல் போட்ட பிறகு, சென்னையின் எஃப்.சி. வீரர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களை (மைதான மூலையிலிருந்து உதைத்த பந்துகளை) தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். முடிவு 3-2. காற்றில் வரும் பந்துக்குத் தரை எப்படியிருந்தால் என்ன? முட்டுபவர் கோல் முன்னால் நின்று காத்திருக்கக் கூடாது. பெனால்டி புள்ளிக்குப் பின்னாலிருந்து, பந்து கிளம்பியதும் ஓடி வர வேண்டும். நின்ற இடத்தில் குதித்தால் உயரமும் வராது, வேகமும் வராது.

வயலில் ஆடும் அணிக்குச் சென்னையின் எஃப்.சி. வழிதான். புல்தரை உள்ள கல்லூரி மைதானம் கிடைத்தால் தயங்காமல் சிட்டி.