மூன்று வருட வீகன் ஸ்கின் கேர்: எது ஒத்துக்கொண்டது, எது எரிந்தது

ஆரம்பித்து வைத்தது என் மகள். செமஸ்டர் லீவில் வந்தவள் என் லிப்ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல பூச்சி இருக்கு, தெரியுமா?" என்றாள். அட்டையின் பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில் ‘சிஐ 75470’ என்று போட்டிருந்தது. அதுதான் கார்மைன். கள்ளிச்செடியில் அப்பிக்கொண்டு வாழும் கோச்சினில் பூச்சியைக் காயவைத்து எடுக்கிற சிவப்பு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் இந்தப் பூச்சியை வளர்க்கவே நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டிருந்தாராம். தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், உதட்டில் அதே பூச்சியோடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் நான் வீகன் இல்லை. தயிர்சாதத்தை விட முடியாது. ஆனால் முகத்தில் பூச, விலங்கிலிருந்து எடுத்ததும் வேண்டாம், விலங்கின் மேல் சோதித்ததும் வேண்டாம் என்று தோன்றியது. என்னுடையது வறண்ட சருமம். வெயிலில் நின்றால் கன்னம் சிவக்கும், புது க்ரீம் பட்டால் தடிக்கும். "செடியிலிருந்து வருவதுதானே, மென்மையாகத்தான் இருக்கும்" என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அங்கேதான் வழுக்கினேன்.

முதலில் வாங்கியது ஒரு ஃபேஸ் வாஷ். வீகன் முத்திரை, முயல் படம், ‘100% இயற்கை’ எல்லாம் இருந்தது. எலுமிச்சை எண்ணெயும் ஆரஞ்சு எண்ணெயும் கலந்தது. மூடியைத் திறந்தாலே சர்பத் கடை வாசனை. நாலாவது நாள் தாடை ஓரமெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாக அரிப்பு. தோல் டாக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "வாசனைதாம்மா பிரச்சினை" என்றார். இந்த எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன் காற்றுப்பட்டு மாறினால் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. இரண்டு வாரம் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். அதில் லனோலின், அதாவது ஆட்டு ரோமத்தின் கொழுப்பு. போட்டுக்கொண்டேன். முகம் எரியும்போது கொள்கை பேச முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் லேபிள் படிக்க உட்கார்ந்தேன். முயல் படம் விலங்குச் சோதனை இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே தேன்மெழுகு இருக்கலாம். வீகன் என்றால் விலங்குப் பொருள் இல்லை, அவ்வளவே. மென்மைக்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பச்சைப் புள்ளியையும் நம்பி ஏமாறாதீர்கள். அது சைவம் என்பதற்கு. நம் ஊர்க் கணக்கில் பாலும் தேனும் சைவம்தான். இன்னொன்று, இந்தியாவில் 2014-லேயே அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிக்கத் தடை வந்துவிட்டது. வெளிநாட்டில் அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே வருடம் தடை போட்டார்கள். ஆகவே இங்கேயே தயாரித்து இங்கேயே விற்கும் ஒரு கம்பெனி ‘சோதனை செய்வதில்லை’ என்று பெருமையாக அச்சடித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சட்டப்படி நடக்கிறேன் என்பதற்கு ஒரு முயலா? முயலிலும் வகை உண்டு. லீப்பிங் பன்னி முத்திரைக்கு மூலப்பொருள் சப்ளை செய்பவர் வரைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சும்மா டிசைனர் வரைந்த முயலுக்கு எதுவும் வேண்டாம்.

லேபிளில் சிக்காதது கிளிசரின். பனை எண்ணெயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும், பெயர் ஒன்றுதான். மூன்று கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன். ஒருவர் ‘தாவர மூலம்’ என்று தெளிவாகப் பதில் எழுதினார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் "மேடம், எங்கள் பொருள் முழுக்க நேச்சுரல்" என்றார். மாடும் நேச்சுரல்தானே ஐயா! மொத்தக் கம்பெனியே வீகன் என்றால் இந்த மெயில் வேலை மிச்சம். பிளம் அப்படிப்பட்ட இந்தியக் கம்பெனி.

நடுவில் மாமியார். "இதுக்கா ஐந்நூறு ரூபா? பாசிப்பயறை அரைச்சுப் போடு" என்று நலங்கு மாவு டப்பாவை எடுத்து நீட்டினார். யோசித்துப் பார்த்தால் வீகன் என்ற சொல் வருமுன்பே நம் வீட்டில் இருந்த வீகன் அது: பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர். (பாலில் குழைக்காமல் தண்ணீரில் குழைத்தால்!) உடம்புக்கு இன்றும் அதுதான். முகத்துக்கு மட்டும் மில்லில் அரைத்த மாவு நரநரவென்று கீறியது. மாமியார் வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்து, வஸ்திரகாயம் செய்து கொடுத்த பிறகு பரவாயில்லை. தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், வாரம் ஒரு முறை போதும்.

கண்காட்சியில் வாங்கிய தேங்காய் எண்ணெய்க் கைவினை சோப்பு சுத்தமான வீகன்தான். முகம் வறட்டியாகிவிட்டது. இப்படி எண்ணெயில் காய்ச்சுகிற சோப்பு எதுவானாலும் அதன் பிஎச், அதாவது காரத்தன்மையின் அளவு, 9, 10 பக்கம் நிற்கும். நம் தோல் 5-ஐ ஒட்டி இருக்கும். அதிலிருந்து முகத்துக்கு சோப்பே கிடையாது.

கடைசியில் நிலைத்தவை ஒரு கையில் அடங்கும். காலையில் வெறும் தண்ணீர். இரவில் கோகோ குளுகோசைட் (தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மென்மையான நுரைப்பொருள்) போட்ட, வாசனையில்லாத, நுரை அதிகம் வராத ஃபேஸ் வாஷ். முதல் வாரம் அழுக்கே போகாதது போலிருக்கும், அது நம் பழக்க தோஷம். ஈர முகத்தின் மேல் ஸ்குவாலேன் என்ற எண்ணெய் மூன்று சொட்டு. இதில் ஒரு எச்சரிக்கை: ஸ்குவாலீனும் அதிலிருந்து செய்யும் ஸ்குவாலேனும் முன்பு பெரும்பாலும் சுறா ஈரலிலிருந்து வந்தவை. இப்போது ஆலிவ், கரும்பிலிருந்தும் எடுக்கிறார்கள். எதிலிருந்து என்று எழுதியிருந்தால்தான் வாங்குவேன். 30 மில்லி பாட்டில் எனக்குப் பல மாதம் வருகிறது. பனிக்காலத்தில் மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. பகட்டே இல்லாத சாமான். ஆனால் விலங்கும் இல்லை, வாசனையும் இல்லை, இதுவரை ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

லிப் பாமில் தேன்மெழுகுக்குப் பதில் காண்டலில்லா என்ற செடியின் மெழுகு போட்டதைத் தேடுங்கள். கொஞ்சம் கெட்டியாக இருக்கும், விரல் சூட்டில் இளக்கித் தடவ வேண்டும். வெறும் தாவர வெண்ணெய் வகைகளை நம்பிச் செய்த ஒரு பாம் மே மாதம் கைப்பைக்குள்ளேயே உருகி, ரயில் பாஸ், வீட்டுச் சாவி, ஐந்தாம் வகுப்புத் திருத்தின பேப்பர் எல்லாவற்றுக்கும் எண்ணெய்க் காப்பு போட்டுவிட்டது.

எந்தப் புதுப் பொருளானாலும் முழங்கை மடிப்பில் காலை, மாலை ஒரு வாரம் தடவிப் பார்க்காமல் முகத்துக்கு ஏற்றுவதில்லை. சீரம் பக்கம் போய் 10 சதவீத நியாசினமைடில் (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) சுள்ளென்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தீராதது சன்ஸ்கிரீன். என் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடுதான் ஒத்துவருகிறது, ஆனால் மாநிறத்தில் அது திருநீறு பூசினது போல நிற்கிறது. நிறம் கலந்த ஒன்றை வாங்கினேன்; வியர்வையில் இறங்கி வெள்ளைச் சுடிதார் காலர் முழுக்கக் காவி. இப்போது மூன்றாவது ட்யூப், பாதியில் இருக்கிறது. போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால், "மிஸ், இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.