இரண்டரை ஆண்டுகளாக மணிக்கட்டில் ஒற்றைப் பொத்தான்

டைவ் கம்ப்யூட்டர் என்பது, நீருக்குள் ஆழத்தையும் நேரத்தையும் வைத்து இன்னும் எவ்வளவு நேரம் பாதுகாப்பாகக் கீழே இருக்கலாம் என்று காட்டும் மணிக்கட்டுக் கருவி. இப்போது நான் கட்டியிருப்பது கிரெஸ்ஸி லியோனார்டோ. அதற்கு முந்தைய என் பழைய கருவிக்கு வயது 14. பேட்டரி மாற்றக் கொடுத்த கடையில் 60 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டு பின்மூடியின் ரப்பர் வளையத்தை எப்படிப் பொருத்தினார்களோ, அடுத்த முறை மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போன பயணத்தின் இரண்டாம் நாள் காலையில் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. படகில் ஏறும்போது திரையில் ஓர் எண்கூட இல்லை. ஊர் திரும்பிக் கேட்டதற்கு, "பழைய சாமான், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார்கள்.

வழிகாட்டியிடம் உபரியாக ஒன்று இருந்தது. ஆனால் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட முடியாது. முந்தைய நாள் மூன்று முறை முக்குளித்ததில், சுவாசித்த காற்றிலிருந்து என் உடம்பில் கரைந்த நைட்ரஜன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது (அது மிகுந்தால் மேலே வரும்போது ஆபத்து) என்ற கணக்கு அந்தச் செத்த கருவியோடு போய்விட்டது. இரவல் கருவி என்னை இன்றைக்குத்தான் கடலைப் பார்க்க வந்தவள் என்று நினைத்துக் கணக்குப் போடும். 24 மணி நேரம் கரையில் இருங்கள் என்றார் வழிகாட்டி. தே தாரிக் குடித்தபடி, மற்றவர்கள் ரெங்கிஸ் தீவில் சுறா பார்த்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதிதுக்கு ஒதுக்க முடிந்தது 400 வெள்ளி. அக்கா மகன், "சித்தி, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா வாங்கிவிடுங்கள், கடிகாரமும் ஆச்சு" என்றான். 40 மீட்டர் வரை அது இறங்கும்தான். ஆனால் முக்குளிப்புக் கணக்குக்கான செயலிக்குத் தனியாகச் சந்தா உண்டு, அடிக்கடி மின்னேற்றவும் வேண்டும். விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். ஷியர்வாட்டர் பெரெக்ரின் என்ற டைவ் கம்ப்யூட்டரின் வண்ணத்திரையைப் பார்த்து மனம் அலைந்தது உண்மை. அதுவும் என் பட்ஜெட்டைத் தாண்டி எங்கோ நின்றது. இணையத்தில் பழையது 150 வெள்ளிக்குக் கிடைத்தது. அதற்குக் கடைசியாக யார் பேட்டரி மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? சூடு கண்ட பூனை நான்.

எனக்கு வேண்டியவை இரண்டே. பேட்டரியை நானே மாற்ற முடிய வேண்டும். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். 48 வயதில் படிப்புக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் எங்கே மாட்டுவது? அதிலும் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் பல நாள் இரண்டு மீட்டருக்கு அப்பால் பச்சைக் குழம்புதான். பேய்த்தீவு என்று மலாய்க்காரர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. மாரெஸ் பக் புரோ, கிரெஸ்ஸி லியோனார்டோ இரண்டையும் கடையில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டுக்குமே ஒற்றைப் பொத்தான், இரண்டிலும் பேட்டரி நாமே மாற்றலாம். என் கண்ணுக்கு லியோனார்டோ எழுத்து சட்டென்று தெரிந்தது. முடிந்தது தேர்வு.

இரண்டரை ஆண்டுகளில் எழுபது முறைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். ஒற்றைப் பொத்தானுக்கு முதலில் பொறுமை வேண்டும். நைட்ராக்ஸ் 32 (ஆக்சிஜன் 32 விழுக்காடு உள்ள சுவாசக் கலவை) என்று வைக்கப்போய் 33க்குத் தாண்டிவிட்டால் முழுச் சுற்றும் சுற்றி வர வேண்டும், பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டதுபோல. இப்போது கட்டைவிரலுக்கே வழி தெரிகிறது.

சிஆர்2430 பேட்டரி பக்கத்துப் புளோக் கடையில் இல்லை, சிம் லிம் டவரில் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து மாற்றினேன். ரப்பர் வளையத்துக்கு நான் சிலிகோன் களிம்பு தடவிய அழகைப் பார்த்து, "இட்லித் தட்டுக்கு என்றைக்காவது இப்படிப் பார்த்துப் பார்த்து எண்ணெய் தடவியிருக்கிறாயா?" என்றார் அம்மா. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இதுவரை உள்ளே போகவில்லை. பேட்டரியைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே கழற்றினால் நைட்ரஜன் கணக்கு அழிந்துபோகலாம். பிறகு என்னைப்போல் கரையில் தே தாரிக்தான்.

அதிகம் பேச வேண்டியது கருவிகளின் கருத்து வேறுபாட்டைப் பற்றி. என்னோடு வழக்கமாக இறங்கும் தம்பியிடம் இருப்பது பெரெக்ரின். அதன் கணக்கு பூல்மன் முறை; என்னுடையது ஆர்ஜிபிஎம். இரண்டும் உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணிக்கும் வெவ்வேறு வழிகள். தியோமானில் ஒருநாள் மூன்றாம் முக்குளிப்பு, 18 மீட்டர். அந்த ஆழத்தில் இன்னும் 9 நிமிடம் இருக்கலாம் என்றது என் திரை, 20 என்றது அவர் திரை. முதல் முக்குளிப்புக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் என்று, PADI என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் அட்டவணையை மனப்பாடம் செய்த தலைமுறை நான். இப்படி இரண்டு விடை வந்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். எந்தக் கருவியும் நம் ரத்தத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவே. சேர்ந்து இறங்கினால் சிறிய எண்ணுக்குத்தான் இருவரும் கட்டுப்பட வேண்டும். மேலே வந்ததும், "அக்கா, உங்கள் கருவி சரியான பயந்தாங்கொள்ளி" என்று முறையிட்டார். லியோனார்டோவில் பாதுகாப்பு நிலை 0, 1, 2 என மூன்று உண்டு; எண் கூடக் கூடக் கருவி இன்னும் எச்சரிக்கையாகும். நான் அன்று 1இல் வைத்திருந்தேன் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஹந்துவில் இந்தச் சண்டையே வராது. அங்கே நான் இறங்கும் ஆழத்தில் நைட்ரஜன் வரம்புக்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடும்.

திசைகாட்டி இதில் கிடையாது, தொட்டியின் காற்றழுத்தத்தையும் காட்டாது. வெவ்வேறு வாயுக்கலவைகளுக்கு நீருக்குள் மாறுபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரியும் விளக்கு எனக்குப் போதும். திரையில் கீறல் விழாமல் இருக்க முதல் நாளே மேலே ஒரு படலம் ஒட்டினேன்.

பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் இணைப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. பழையபடி நோட்டில்தான் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு: ஹந்து, 11 மீட்டர், 52 நிமிடம், பார்வைத் தூரம் இரண்டு மீட்டர், ஒரே ஒரு கடல்குதிரை.